பண்டைச் சீனக் கோயில்களில் கூரைக்கடியில் காணப்படும் மரத் தாங்கி அடுக்குகள் வெறும் அலங்காரம்தானா?

பெய்ஜிங் அரண்மனையின் படங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அலங்காரம் என்ற இதே சொல்லால் என் இறுதியாண்டுக் கல்லூரிப் பணி ஒதுக்கித் தள்ளப்பட்டதால், விடை எழுதாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சீனர்கள் தோகோங் என்று அழைக்கும் இந்த அமைப்பில், தூணின் தலையில் ஒரு கனத்த கட்டை அமர்கிறது. அதன்மேல் மரக் கைகள் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டிக் கோக்கப்படுகின்றன. அக்கைகளின் நுனியில் சிறு கட்டைகள், அவற்றின்மேல் மீண்டும் கைகள் என்று அடுக்கு அடுக்காக வெளியே நீண்டு செல்கிறது. இதன் பிடிப்புக்கு ஆணி தேவையில்லை. கூரையின் பாரத்தைத் தூணில் இறக்குவதும், மழை மரத்தூண்களையும் மண்சுவரையும் நனைக்காதபடி கூரை விளிம்பை வெகுதூரம் ஏந்தி நிற்பதுமே இதன் முதல் வேலை.

நான் மாதிரி செய்ய எடுத்துக்கொண்டது ஷான்சி மாநிலத்தில் உள்ள ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபம். தாங் வம்சக் காலத்தில், கி.பி. 857இல் கட்டப்பட்ட அதன் பழமையை 1937இல் கட்டடக்கலை வரலாற்றாய்வாளர்களான லியாங் ஸிச்செங், லின் ஹுயின் இணையர் கண்டறிந்தனர். அங்கே தாங்கி அடுக்கின் உயரமே தூணின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி. கூரை விளிம்பு நான்கு மீட்டர் அளவுக்கு வெளியே நீள்கிறது. அந்த நீட்சியைச் சாத்தியமாக்குவது அடுக்கின் ஊடே சாய்வாகச் செல்லும் நீண்ட மரம். அதன் வெளிநுனியைக் கூரை விளிம்பின் பாரம் கீழே அழுத்துகிறது. உள்முனையை மண்டபத்தின் மேல் உத்தரம் அமுக்கிப் பிடிக்கிறது. கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு தச்சரின் துணையோடு தூண்தலை அடுக்கு ஒன்றைச் செய்து, முன்நுனியில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டுத் தேர்வாளர் முன் வைத்தேன். அவர் சில நொடிகள் பார்த்துவிட்டு, "செதுக்கு வேலை நன்றாக இருக்கிறது, கட்டமைப்பு எங்கே?" என்று கேட்டார். நான் பின்பக்கத்து உத்தரத்தை மெல்ல உயர்த்திக் காட்டினேன். சாய்மரத்தின் வால் எழும்பியது, முன்நுனி மூட்டைகளோடு சரிந்தது. அதற்குள் அவர் அடுத்த மாணவரின் மேசைக்குப் போய்விட்டார். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு வெளியே நீளும் கான்கிரீட் துருத்துவிட்டத்தைக் கட்டமைப்பு என்று ஏற்பவர்கள், அதே வேலையை மரம் செய்தால் கலைப்பொருள் என்று தள்ளுவது இன்றும் என்னை வருத்துகிறது.

பிற்காலத்தில் இது அலங்காரமாகச் சுருங்கியதே என்று சிலர் மறுக்கக்கூடும். அது உண்மைதான். மிங், சிங் காலங்களில் தாங்கிகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, பெருமளவு தகுதியைக் காட்டும் அடையாளமாயின. 1420இல் நிறைவுற்ற பெய்ஜிங் அரண்மனை அந்தக் காலத்தின் படைப்பு. ஆயினும் 1103இல் வெளியான அரசுக் கட்டட விதிநூலான யிங்ஸாவோ ஃபாஷி, தாங்கிக் கையின் குறுக்களவையே முழுக் கட்டடத்துக்கும் அளவுகோலாக்கி, அதை எட்டுத் தரங்களாக வகுத்தது. வெறும் அலங்காரத்துக்கு அந்த இடத்தை எந்த நூலும் தராது.

இத்தகைய கட்டடங்கள் நிலநடுக்கங்களைத் தாங்கியது இந்தத் தாங்கிகளால் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. 1056இல் எழுப்பப்பட்டு, 67 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கும், அதே ஷான்சி மாநிலத்தின் யிங்ஷியன் மரக் கோபுரத்தில் 54 வகைத் தாங்கிகள் உள்ளன. அவற்றின் பொருத்துகள் சற்றே நகர்ந்து உராய்ந்து அதிர்வை உள்வாங்குகின்றன. ஆனால் மாடிகளுக்கிடையே மறைந்துள்ள தளங்களின் சாய்வுத் தாங்குமரங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

நீங்கள் பார்க்கும் கட்டடத்தைப் பற்றி ஐயம் இருந்தால், அதன் குறுக்குவெட்டு வரைபடத்தைத் தேடி எடுங்கள். சாய்மரத்தின் வால் உள்ளே சென்று உத்தரத்தின் கீழ் மாட்டியிருந்தால் அது பாரம் சுமக்கிறது. வெளியே அலகு போன்ற நுனி மட்டும் இருந்து, வால் உள்ளே செல்லவில்லை என்றால், அங்கே அந்த நுனி அலங்காரமே.