கசியும் கெட்டிலைக் கழுவிவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் புது வீடு குடிபுகுந்தபோது, என் மைத்துனர் ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு ஒரு கூஸ்நெக் எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிப் பரிசளித்தார். ஓராண்டு வாரண்டி உண்டு. ஐந்தாம் மாதம், வளைந்த மூக்குக் குழாய் பாத்திரத்தோடு சேரும் இடத்தில் நீர் கசியத் தொடங்கியது. ஒரு நாள் காலை காபி போடும்போது கொதிநீர் வழிந்து என் மனைவியின் கையில் கொப்புளம் எழுந்தது. வீட்டில் இருந்த களிம்பைப் பூசினோம், ஆறிவிட்டது. 'போர்வெல் நீரின் உப்புப் படிவுதான் காரணம், வாரண்டி செல்லாது' என்று நிறுவனம் மின்னஞ்சலில் மறுத்துவிட்டது. சேவைப் பிரிவில் பேசியவர் அவமரியாதையாக நடந்துகொண்டார். நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள். மைத்துனர் வீட்டோடும் மனத்தாங்கல் வந்துவிட்டது. இப்போது, ஆய்வுக்காகக் கெட்டிலை கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, உப்பை நீக்கி அனுப்பலாமா? 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன்.
– வாசகர், தாம்பரம்

பதில்: சேவைப் பிரிவில் பேசியவரின் தொனி, நீக்கப்பட்ட விமர்சனம், உறவில் வந்த கசப்பு ஆகியவை உங்களை எவ்வளவு வருத்தியிருந்தாலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கை அவை ஓர் அடிகூட முன்னே நகர்த்தா. பில் மைத்துனர் பெயரில் இருப்பது தடையன்று. வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நுகர்வோரே. முடிவு செய்யப்பட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கசிவு உற்பத்திக் குறைபாட்டால் வந்ததா, நீங்கள் பயன்படுத்திய முறையால் வந்ததா? அதற்கு விடை சொல்லக்கூடியது, இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே உள்ள அந்தக் கெட்டில் மட்டுமே.

ஆகவே எலுமிச்சைச் சாறு வேண்டாம். துணியால் துடைக்கக்கூட வேண்டாம். இவ்வகைக் கெட்டிலில் மூக்குக் குழாய் பாத்திரத்தின் அடிப்பகுதிக்கு அருகிலிருந்து புறப்படுவதால், உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாயிலும் நிற்கும். அளவுக்கோட்டைத் தாண்டி நிரப்பிக் கொதிக்கவிட்டால் குழாயின் நுனி வழியாக நீர் தெறிக்கும். எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லும்: அதிகமாக நிரப்பினார்கள், கை சுட்டது. உங்கள் போர்வெல் நீர் இங்கே உங்களுக்கே துணை நிற்கிறது. உப்பு நீர் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் படியும். அந்தத் தடம் குழாய் நுனியிலோ மூடியோரத்திலோ இல்லாமல், குழாய் பற்றவைக்கப்பட்ட இணைப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கியிருந்தால், நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. தகராறு எழுந்த பிறகு நீங்கள் அதைக் கழுவினால், அந்த அடையாளமும் போகும். புளிப்பு அரித்துத்தான் இணைப்பு விட்டது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாதமும் கிடைக்கும்.

அடுத்தது கூரியர். கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே தோற்கடித்துக்கொள்வதை நான் அதிகம் பார்த்திருப்பது இந்த இடத்தில்தான். மிக்ஸி, கீசர், கைப்பேசி என்று பொருள் மாறுமே தவிர கதை மாறுவதில்லை. பொருளை அனுப்பிவைப்பார்கள், சேவை மையத்தின் வேலைச் சீட்டில் 'தவறான பயன்பாடு' என்று எழுதப்பட்டிருக்கும், உதிரி பாகம் மாற்றப்பட்டிருக்கும், அல்லது பழைய பொருளை வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருப்பார்கள். இன்னும் சிலர், தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அடித்தட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள். ஆய்வு இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாதபோது, புகார்தாரரிடமிருந்து பொருளைப் பெற்று, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குச் சட்டத்தின் 38(2)(இ) பிரிவு வழி செய்திருக்கிறது. பொருளே கைவிட்டுப் போன பிறகு, அல்லது உருமாறிய பிறகு, ஆணையம் எதை அனுப்பும்? கெட்டில், அடிப்பீடம், ஒயர், அட்டைப்பெட்டி அனைத்தையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். அதற்கு முன் நல்ல பகல் வெளிச்சத்தில், அடியில் உள்ள வரிசை எண் தெரியும்படி, வெள்ளைத் தடத்தை மிக அருகில் வைத்துப் படமும் காணொளியும் எடுங்கள்; எடுத்த கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள், படங்கள் அதில்தான் எடுக்கப்பட்டவை என்று மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் தர அது தேவைப்படும்.

நிறுவனத்துக்கு, ஆய்வு உங்கள் வீட்டிலோ உங்கள் முன்னிலையிலோ நடக்கட்டும் என்று மின்னஞ்சலில் பதில் எழுதுங்கள். பொருளைப் பார்க்காமலேயே காரணத்தை முடிவு செய்து வாரண்டியை மறுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆய்வுக்குக் கேட்கிறார்கள் என்பது உங்கள் கையில் உள்ள மிக வலுவான செய்தி. அந்த முதல் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். உப்புப் படிவு விலக்கு வாரண்டி அட்டையில் அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அச்சாகாத விலக்கைப் பிறகு கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

5 லட்சத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: அது கிடைக்காது. உங்கள் மனைவி பட்ட வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கவில்லை, புறநோயாளிச் சீட்டு இல்லை, காயம் ஆறியும்விட்டது. அன்று எடுத்த புகைப்படம் இருந்தால் காயம் பட்டது தெரியும். அதன் கடுமை தெரியாது. ஆய்வகக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வு தேவைப்படும் புகாரை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீள்கிறது. 6,800 ரூபாய்ப் பொருளுக்காக அத்தனை வாய்தாக்களுக்கு விடுப்பு எடுப்பீர்களா?

சமரசம் செய்துகொள்ளுங்கள். விலை முழுவதையும், காயத்துக்காக ஒரு நியாயமான சிறு தொகையையும் கேட்டு, பதினைந்து நாள் அவகாசத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். குறைபாட்டின் படங்களையும் இணையுங்கள். அவர்கள் பணம் தர முன்வந்தால், 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். அதை ஒப்புக்கொண்டு பணம் பெற்றால் காயத்துக்கான கோரிக்கையும் அதோடு முடிந்தது. கையெழுத்திட்டதாலேயே எல்லா வழியும் அடைபட்டுவிடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கதவு மோசடியாலோ வற்புறுத்தலாலோ கையெழுத்து வாங்கப்பட்டது என்று நிரூபிப்பவருக்கே திறக்கும். ஆகவே இரண்டு தொகைகளும் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கெட்டிலைக் கொடுங்கள். அறிவிப்புக்குப் பதிலே வராவிட்டால், கசிவு தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும்.