சொந்தக் கையால் ஓர் இழைப்புளி: தச்சுக் கருவிகள் குறித்துக் கேள்வி பதில்

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு கட்டும் தச்சர் ஒருவர், தன் கருவிகளில் பலவற்றைப் பொழுதுபோக்காகத் தானே செய்துகொள்பவர். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அவர் தந்த பதில்கள் இவை.

தொண்டி: அண்ணே, எல்லாம் கடையில் கிடைக்கிறதே, செய்துகொண்டால் காசு மிச்சமாகுமா?

ஆகாது தம்பி, கணக்குப் பார்த்தால் நட்டம்தான். கைக்கு ஏற்ற கருவி கிடைக்கும், அவ்வளவே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பழுது வேலை குவிந்துவிடும், மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறை சும்மா கிடக்கும்போது இதில் இறங்கலாம். மரம் மட்டுமே போதுமான கருவிகளில் தொடங்குங்கள். இரும்பை இப்போதைக்குக் கடையில் வாங்குங்கள்.

ஏர்வாடி: உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்கு எந்த மரம்? எங்களைச் சுற்றி இருப்பது சீமைக்கருவேலம்தான்.

அதையே வெட்டுங்கள். ஊரே திட்டும் மரம். ஆனால் வைரம் பாய்ந்த கட்டை நல்ல கனம், காயும்போது சுருக்கமும் குறைவு. நீளமான நேர்த்துண்டு கிடைக்காது என்பதுதான் குறை. கொட்டாப்புளித் தலைக்கு ஒரு சாண் போதுமே! நடுத்தண்டை ஒதுக்கி அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். தலையின் துளை மேல்பக்கம் சற்று அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கட்டும். மேல்முனை பருத்த கைப்பிடியை மேலிருந்து செருகினால், வீச வீசத் தலை தானாக இறுகும்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: ஐயா, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை மரத்தில் செய்தேன். கோணம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள், அம்மா. பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விலகினால், அந்த விலகலில் பாதிதான் உண்மையான பிழை. அந்தப் பாதியை மட்டும் சீவுங்கள். மழைக்காலம் வந்ததும் மறுபடி பாருங்கள்.

மண்டபம்: கட்டையில் துளை குடையாமல், மரம் சீவும் இழைப்புளி செய்ய முடியுமா?

முடியும், நான் செய்வதே அப்படித்தான். கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, இரு பக்கப் பலகைகளை எடுத்து வையுங்கள். நடுத்துண்டை மட்டும் 45 பாகைச் சரிவில் வெட்டி, அலகு படுக்க இடம்விட்டு, மறுபடி பக்கங்களோடு ஒட்டுங்கள். குறுக்கே ஓர் உருட்டுக் குச்சி. அதன் அடியில் ஆப்பு நுழைந்து அலகைப் பிடிக்கும். அடிப்பக்கத்து இடைவெளியான வாயை முதலில் அலகு வெளியே வர முடியாத அளவுக்குக் குறுக்கியே விடுங்கள். பிறகு அரத்தால் ஓரிரு இழுப்பு, அலகைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி இழுப்பு. மெல்லிய சுருள் தடையின்றி வெளியேறினால் அங்கேயே நிறுத்துங்கள். அகன்ற வாய் மரத்தைப் பிய்க்கும்.

அடிப்பக்கத்தைச் சமப்படுத்தும்போது அலகை உள்ளே இழுத்து, ஆப்பை இறுக்கியே வைத்திருங்கள். ஆப்பின் அழுத்தத்தில் கட்டை மயிரிழை வளையும். தளர்த்தித் தேய்த்தால் அந்த வளைவு பிறகு வேலையில் தெரியும். தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, அடியில் பென்சிலால் கிறுக்கித் தேயுங்கள். கிறுக்கல் முழுதும் அழிந்தால் சமம்.

மரம்? பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்கு உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள். கழித்துப்போட்ட படகுப் பலகை மட்டும் வேண்டாம். உப்பு ஊறிய மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், அலகு துருப்பிடிக்கும்.

பாம்பன்: படகின் பழைய ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது, உளி ஆகுமா?

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் எவ்வளவு சூடேற்றித் தோய்த்தாலும் கூர் நிற்கும் கடினம் வராது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை எடுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சீமைக்கருவேலக் கரியே உலைக்குப் போதும். செக்கச்சிவந்து காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் விட்டால் விரிசல் விழலாம். தோய்த்த இரும்பு கண்ணாடிபோல் உடையும். ஆகவே இரும்பின் முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, வைக்கோல் நிறம் ஓடும்வரை இளஞ்சூடு காட்டுங்கள்; ஏறக்குறைய 220 டிகிரி. துத்தநாகம் பூசிய ஆணி, போல்ட் எதையும் உலையில் போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் கிடத்திவிடும்.

தேவிபட்டினம்: கடலோரம் கிடக்கும் பவளக் கல்லில் உளி தீட்டலாமா?

சுண்ணாம்புதானே அது, இரும்பைத் தேய்க்காது. எடுப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மூக்கையூர்: உப்புக்காற்றில் எதைப் பூசினாலும் இரண்டே நாளில் துரு, என்ன செய்வது?

வேலை முடிந்ததும் வியர்வைக் கைபட்ட இடத்தைத் துணியால் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் மெல்லப் பூசி, மூடிய பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுவிடும். தோலுறைக்குள் உளியை விட்டுவைக்காதீர்கள்; தோல் ஈரம் பிடிக்கும்.