‘சிதைவுகள்’ நாவலில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

வணக்கம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1958இல் வெளியிட்டு, தமிழில் ‘சிதைவுகள்’ என்று வந்துள்ள நாவலை ஆய்வு செய்கிறீர்கள். இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் இக்போ சமூகத்தை அதுவே காட்டும்போது அதைக் காலனிய எதிர்ப்பு என்று எப்படி நிறுவுவது என உங்கள் நெறியாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்குறைகளைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். நாயகன் ஒக்கொங்வோவின் மகன் ந்வோயே கிறித்தவத் திருச்சபைக்குப் போவதற்கு அவையும் காரணம் என்பதை நாவல் ஒளிக்கவில்லை.

உங்கள் வாதத்தை இரண்டு நீதிமன்றங்களின் மேல் கட்டுங்கள். பத்தாம் அத்தியாயத்தில், மனைவியை அடித்த உஸோவுலுவின் வழக்கை, முன்னோரின் ஆவிகளாக முகமூடி அணிந்து வரும் ஒன்பது எக்வுக்வுகள் ஊரார் முன்னிலையில் இரு தரப்பையும் கேட்டு விசாரிக்கிறார்கள். அவன் கள்ளுடன் மாமனார் வீட்டுக்குப் போய் மனைவியை வேண்டி அழைத்துவர வேண்டும் என்பது தீர்ப்பு. இருபத்து மூன்றாம் அத்தியாயத்திலோ, பேசித் தீர்ப்போம் என்று அழைத்த ஆறு தலைவர்களுக்கு பிரித்தானிய மாவட்ட ஆணையர் விலங்கிட்டு 200 மூட்டை சோழி அபராதம் விதிக்க, அவருடைய ஏவலர்கள் 250 என்று ஊரில் சொல்லி மிச்சத்தைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்கிறார்கள். சட்டம் அறியாதவர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தோம் என்ற பேரரசின் உரிமைகோரலை இதைவிட வலுவாக மறுக்கும் இடம் நாவலில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒக்கொங்வோவின் வாழ்வுக்குத் தம் நூலில் ஒரு பத்தி போதும் என ஆணையர் எண்ணும் இறுதிப் பக்கத்தையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள். ஆனால் ‘மேற்கத்திய விழுமியங்கள் முழுவதையும் நாவல் நிராகரிக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். பாதிரியார் பிரௌனும் ஊர்ப் பெரியவர் அகுன்னாவும் கடவுளைப் பற்றி மரியாதையுடன் விவாதிக்கும் பகுதி அக்கூற்றுக்கு இடம் தராது.