தொழுத்து கழுவிய தண்ணீரும் முப்பது அடியில் கிணறும்

கேள்வி: வீட்டில் இரண்டு கறவை மாடு. ஒன்றுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டுச் சரியானது. சில மாதத்தில் திரும்ப வந்தபோது அதே மருந்து கேட்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி சாணத்திலும் கழிவுநீரிலும் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தொழுத்து (மாட்டுக் கொட்டகை) கழுவும் தண்ணீர் விளையில் (தோட்டத்தில்) மட்டி வாழைக்குத்தான் பாய்கிறது. தொழுத்திலிருந்து முப்பது அடி தள்ளிக் கிணறு. பிராய்லர் கொட்டகையிலிருந்து கோழி எருவும் வாங்கிப் போடுகிறோம். எருவையே நிறுத்திவிடவா? பாலைக் காய்ச்சினால் போதுமா?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: எருவை நிறுத்த வேண்டாம், போடும் விதத்தை மாற்றினால் போதும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா என்றால் எதற்கும் சாகாதது என்று பலரும் பயப்படுகிறார்கள். கொதிக்கும் பாலில் அது சாகும், குளோரினில் சாகும், சோப்புப் போட்டுக் கழுவினால் கையை விட்டுப் போகும். அதன் வீம்பெல்லாம் ஆன்டிபயாடிக்கிடம் மட்டும்தான்.

பாலில் இறங்கிய மருந்து வேறு விஷயம். காய்ச்சினாலும் அது பெரும்பாலும் அழியாது. கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்து லேபிளில் பாருங்கள். அதில் இல்லையென்றால் குறைந்தது 7 நாள் என்கிறது 2012-ல் வந்த மத்திய அரசு விதி. ஒரு காம்பில்தானே மருந்து ஏற்றினோம் என்று மற்ற மூன்றின் பாலை விற்கக் கூடாது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவது அதைவிட மோசம். கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து கன்றின் குடலுக்குள் போய், அடங்காததை மட்டும் பொறுக்கி வளர்த்துவிடும்.

மடிநோய் திரும்பினால் அடுத்த ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதிக்கச் சொல்லி உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனியே விட்டு, பிறகு 5 முதல் 10 மில்லி பாலைக் கிருமி நீக்கிய குப்பியில் நேராகப் பிடியுங்கள். குப்பியின் வாய் காம்பில் படக் கூடாது. ஐஸ் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். நோய் தொடங்கும்போதே 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளில் பத்து தடவை, ஐந்து நாள் பூசுவது நல்ல முதலுதவி. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சலோ பாலில் ரத்தமோ இருந்தால் பூச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

உண்மையில் சாணத்தைவிடக் கோழி எருவைப் பற்றித்தான் கூடுதல் கவலைப்பட வேண்டும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கிருமியை அடங்காமல் செய்யும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்பது 2015-ல் சீனாவிலிருந்து வெளியான ஆய்வில் தெரிந்தது. இந்தியாவில் கோழி, மாடு, மீன் வளர்ப்பில் அந்த மருந்துக்கு 2019 ஜூலையில் தடை வந்தது. மற்ற மருந்துகள் கொட்டகைகளில் புழங்கத்தான் செய்கின்றன. கோழிக்குக் கொடுத்ததில் ஒரு பங்கு எச்சத்தோடு அப்படியே வெளியே வரும்.

அதனால் வாங்கிய எருவைப் பச்சையாக வாழை மூட்டில் கொட்டாதீர்கள். ஒரு பங்கு எருவுக்கு இரண்டு மூன்று பங்கு வாழைச் சருகோ ரப்பர் சருகோ கலந்து நாலடி உயரத்துக்குக் குவியுங்கள். பிடித்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நடுவில் 55 டிகிரிக்குக் குறையாத சூடு இரண்டு வாரம் நிற்க வேண்டும். ஒரு கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. ஓரத்தில் இருப்பது சூடாகாது, கிருமி அங்கேதான் தப்பும். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு முறை ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து புரட்டுங்கள். மூக்கை எரித்தால் சருகு போதவில்லை. அழுகல் வாடை அடித்தால் ஈரம் கூடிப்போச்சு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் தார்ப்பாய் இல்லாமல் குவியல் சூடு பிடிக்காது. பிறகு இரண்டு மாதம் ஆறவிட்டு வாழைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) தாராளமாகப் போடலாம். மரபணு முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் மல்லித்தழைக்கும் வேண்டாம்.

கிணற்றுக்கும் கழிவுக்கும் 50 அடியாவது வேண்டும். தொழுத்தை இடிக்க வேண்டாம், ஓடையை மாற்றுங்கள். சாணத்தை முதலில் வாரிவிட்டுக் கழுவினால் தண்ணீரே பாதியாகும். அதைச் சிமென்ட் ஓடையில் கிணற்றுக்கு எதிர்ப்புறம், பள்ளமான பக்கத்து வாழைக்கு விடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்ல, பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கி, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் புழங்கலாம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதானால் பவுடர் போடும் முன்பே மாதிரி எடுங்கள். போட்ட மறுநாள் எடுத்தால் எந்தக் கிணறும் சுத்தம் என்றுதான் வரும்.