மஞ்சள் குளிசை குடுக்கலாமோ?

கேள்வி: அம்மாக்கு வாதத்தால முழங்கால் வீக்கம். கனடா அக்கா மஞ்சள் குளிசையும் மீனெண்ணெய் கப்சூலும் அனுப்பியிருக்கிறா. அம்மா இதயத்துக்கு வார்ஃபரின் (ரத்தம் உறையாமத் தடுக்கிற மருந்து) போடுறவ, குடுக்கலாமோ? – வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, மஞ்சள் குளிசைய தயவுசெய்து நீங்களா தொடங்காதேங்கோ, வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம், மிளகுச்சத்து சேர்த்த குளிசையெண்டா உடம்பு இன்னும் கூட உறிஞ்சும். கறிக்குப் போடுற மஞ்சளுக்குப் பயப்பிட வேண்டாம், அதில குர்குமின் எண்ட, மஞ்சளின்ர வேலை செய்யிற சத்து 3 வீதமளவுதான். மீனெண்ணெய் வாத மூட்டுவலிக்குக் கொஞ்சம் உதவும், ஆனா சாதாரண 1000 மில்லிகிராம் கப்சூல்ல ஒமேகா-3 எண்ட, வலிக்கு உதவுற கொழுப்பு 300 மில்லிகிராம் அளவுதான், வலி குறைய அந்த ஒமேகா-3 நாளுக்கு 3 கிராம் கிட்ட வேணும், அவ்வளவையும் வார்ஃபரின் போடுறவ கேக்காம எடுக்கக்கூடாது. ரெண்டு போத்திலையும் கிளினிக்குக்கு கொண்டுபோய்க் காட்டுங்கோ. அதுவரை எங்கட கடல் சாளை, சூடையில கிழமைக்கு ரெண்டுதரம் குழம்பு வையுங்கோ, பொரிக்காம.