மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த நான்கு கேள்வியும் ஒன்றுதான்: மாத்திரையால் மனசு மாறுமா? மாறும். எந்த மாத்திரை, என்றைக்கு ஆரம்பித்தது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரே ஒருவர்தான் தேதி எழுதியிருந்தார்.

சாட்ஸ்வொர்த் மாமியார்: மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து வாரம். பால் போதவில்லை என்று எக்லோனில் கொடுத்தார்கள். தூங்கி வழிகிறாள், அழுகிறாள். அது பைத்தியத்துக்கான மாத்திரையாமே, தம்பி?

அம்மா, அதில் இருப்பது சல்பிரைடு. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துதான். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுப்பதால், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், பால் ஊறும். அதனால்தான் நம் நாட்டில் தாய்மார்களுக்கு எழுதித் தருகிறார்கள். கூடவே தூக்கம் வரும், எடை கூடும், சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பும் வரும். பாலில் பிள்ளைக்கும் கொஞ்சம் போகும்; பிள்ளை மந்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கத்துக்கு மாத்திரையைக் குறை சொல்லலாம். அழுகைக்கு அது ஒன்றையே சொல்லிவிட முடியாது. பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஐந்தாம் வாரமும் நின்றபாடில்லை என்றால் மனச்சோர்வா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்து உண்டு. செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். மருமகள் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. திருஷ்டியை அப்புறம் கழிக்கலாம்.

ஃபீனிக்ஸ் தந்தை: மெட்ரிக் (பள்ளிக் கடைசி வகுப்பு) படிக்கும் மகனுக்கு வயது 17. மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸெட்டின் ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். முன்பைவிடப் படபடக்கிறான். நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள்; எழுதிக் கொடுத்த டாக்டரை இன்றே கூப்பிடுங்கள். இந்த வகை மருந்துகளுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் சிறார்களுக்கான எச்சரிக்கை விதித்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. சோதனைகளில் மருந்து எடுத்த சிறார், பதின்வயதினரில் 100-க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கு. அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. மனசு தெளியச் சில வாரங்கள் ஆகும், தவிப்பு மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மனநல உதவி அமைப்பான சாடாக்கின் இலவச எண் 0800 567 567.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாய்: மகளுக்கு 22 வயது, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் எடுக்கிறாள். தைப்பூசக் காவடிக்கு விரதம். மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தினால் நோய் திரும்பும். எடுத்துக்கொண்டே உப்பைக் குறைத்து, இங்கத்திய கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால், ரத்தத்தில் லித்தியம் ஏறி நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரும். சைவம் இருக்கட்டும், உப்பும் தண்ணீரும் வழக்கம்போல. விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி ரத்தம் பார்த்துவிடுங்கள். தலைவலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம், அதுவும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

டோங்காட் தாய்: ஆஸ்துமாவுக்கு மான்டிலுகாஸ்ட் எடுக்கும் 11 வயது மகன் இரவில் அலறி எழுகிறான்.

மருந்தாலும் இருக்கலாம். 2020-இல் எஃப்.டி.ஏ. இதற்கும் கடும் எச்சரிக்கை போட்டது. டாக்டரிடம் மாற்று கேளுங்கள், இன்ஹேலரை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதி எழுதி அனுப்பியவர் இவர்தான்: மாத்திரை தொடங்கி நான்காம் இரவு முதல் அலறல்.