கிணற்று நீரும் சாஃப்ட்னரும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். 1,100 என்று மீட்டர் காட்டுகிறது. விற்பனையாளர் அந்த எண்ணை மட்டும் பார்த்து, கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கருவியின் அளவைச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தம். வாளியிலும் கீசரிலும் வெள்ளையாகப் படிவது அதில் ஒரு பகுதியான கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றால்தான். அதைக் கடினத்தன்மை என்று தனியாக அளக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். அல்லது சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியில், நிறங்காட்டி சேர்த்ததும் ஒயின் சிவப்பாகும் நீர் நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ணி வீட்டிலேயே கண்டறியலாம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதால், கருவி பொருத்திய பிறகும் டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். உவர்ப்புச் சுவையும் போகாது.

கேள்வி: கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம், நாளொன்றுக்கு 800 லிட்டர் செலவாகிறது. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் மணிகளான ரெசின் எவ்வளவு தேவை?

பதில்: 800 லிட்டரில் 480 கிராம் கடினத்தன்மை இருக்கிறது. ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 50 கிராமைப் பிடித்துவைக்கும் என்று கொண்டால், 25 லிட்டர் ரெசின் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். 50 லிட்டர் என்றால் ஐந்து நாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். 50 லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோ உப்பு பிடிக்கும். அதை மாதக் கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். கையால் வால்வு திருப்ப வீட்டில் ஆள் இல்லையென்றால் தானியங்கி வால்வுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பொருத்தலாமா?

பதில்: மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ரெசினைக் கடக்கவும், நீரை எதிர்த்திசையில் செலுத்தி ரெசினைக் கழுவும் பேக்வாஷ் செய்யவும் அது போதாது. மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் பொருத்துவதே நல்லது.

கேள்வி: இறைக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், வாளியில் சில மணி நேரத்தில் செம்பழுப்பாகிறது.

பதில்: அது இரும்பு. முதலில் இரும்பு நீக்கும் வடிகட்டி, அதன் பிறகே சாஃப்ட்னர். வரிசை மாறினால் இரும்பு ரெசின் மணிகளில் அப்பிக்கொண்டு, அவற்றின் திறனைக் குறைத்துவிடும்.

கேள்வி: குழாயில் கட்டும் காந்தக் கருவி போதாதா?

பதில்: அது கால்சியத்தை நீக்குவதில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மென்னீரைக் குடிக்கலாமா?

பதில்: 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது, உங்கள் நீர் 600 என்றால் அது 276 ஆகும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துக்கொண்டு, தேவையானால் அதற்கு ஆர்.ஓ. வைப்பது பாதுகாப்பானது. புதுப்பித்தலின்போது வெளியேறும் உப்பு நீரைத் தென்னை மூட்டில் விடாதீர்கள். கிணற்றருகே ஊறவும் விடாதீர்கள்.